இடாப்பும் அழைப்பும்

சென்ற ஆண்டு மட்டக்குளியிலுள்ள எமது வீட்டுக்கு ஓர் அழைப்பு வந்தது. லொத்தர்ப் பரிசு விழுந்திருப்பதாகவும், குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணைக் கூறினாற் பணம் வங்கியிற் சேருமென்றும் பேசியவன் சொன்னான். இம்மோசடியை இன்று யாவரும் அறிவர். ஆயின் அம்மம்மாவை நடுங்கச் செய்தது பரிசுக் கதையன்று. அவரது முழுப் பெயரையும் வீட்டிலக்கத்தையும் அவன் பிழையின்றிக் கூறியமையே. “இடாப்பு இப்ப ஆரிட்டை இருக்கு?” என்று கேட்டார்.

அக்கேள்வியின் வேர் 1983 இல் உள்ளது. அவ்வாண்டு யூலை 24 ஆம் திகதி இரவு பொரளையில் மூண்ட வன்செயல் மறுநாள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தை முதலிய இடங்களிற் புகுந்த கும்பல்களிடம் தேருநர் இடாப்பின் பிரதிகள் இருந்தமையை நேரிற் கண்டோரும் பின்வந்த ஆய்வாளரும் பதிந்துள்ளனர். வாக்குரிமையைக் காப்பதற்கென வீட்டிலக்க ஒழுங்கில் ஆக்கப்பட்ட பட்டியல், எவ்வீட்டைக் கொளுத்துவது, எதனை விடுவது என்பதற்கு வழிகாட்டியாயிற்று. வீடு சிங்களவருக்குச் சொந்தமாயின், வாடகைக்கிருந்த தமிழரின் தளபாடங்கள் மட்டும் வீதிக்கு இழுத்துவரப்பட்டு எரிக்கப்பட்டதும் உண்டு. பெயரே இனத்தைக் காட்டிக்கொடுத்தது. (எமது பகுதியில் இஃது அத்துணை எளிதன்று, பெர்னாண்டோ என்பது தமிழ்க் கத்தோலிக்கர்க்கும் சிங்களவர்க்கும் பொதுப்பெயர்.) அரசினர் ஆக்கிய இடாப்பு கும்பலிடம் தானாக நடந்து சென்றிராது.

பெயரினும் அதிகம் பேசுவது அடையாள அட்டை எண். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி வந்த அட்டையின் பழைய எண்ணில், முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். எண்ணைக் கொடுப்பவர் வயதையும் பாலையும் உடன்கொடுத்தவராகிறார். கடைச் சிட்டையிலும் அதனைக் கேட்கின்றனர். நாமும் தயங்காது எழுதுகிறோம்.

மோசடிக்காரனையும் தீவைத்தவனையும் ஒப்பிடுதல் மிகையென நண்பரொருவர் வாதிட்டார். தீங்கின் அளவில் ஒப்பில்லை என்பதை ஏற்கிறேன். ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய விபரம் வேறொரு கைக்குப் போன வழி மட்டுமே ஒன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மறுக்க முயல்வதும் அவ்வழியையே. 1983 இல் அத்தகைய சட்டமெதுவும் இங்கிருக்கவில்லை.

ஆயினும் தேருநர் இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியதே; இல்லையேல் இறந்தோர் பெயரில் இடப்படும் வாக்கை எவர் கண்டறிவர்? இதனை அம்மம்மாவுக்கு விளக்க முயன்றேன். இடாப்புத் திருத்தப் படிவத்துடன் கிராம சேவகர் வந்தபோது, தம் பெயரை முதலில் எழுதுமாறு சொன்னவர் அவரே. தொலைபேசி எண்ணை மட்டும் எவரிடமும் கொடுக்க வேண்டாமென்றார்.