கீழ்த்தாடைக்குள் நழுவிய பல் இம்ப்ளான்ட்: சிகிச்சை நெறியின் வரலாறு

இழந்த பல்லின் வேருக்கு ஈடாகத் தாடையெலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகே பல் இம்ப்ளான்ட் ஆகும். மேல்தாடையில் அது மூக்கையொட்டிய காற்றறைக்குள் நழுவுவது நன்கறியப்பட்ட சிக்கல். கீழ்த்தாடையின் புறவோடு தடித்திருப்பதால் அங்கு நழுவல் அரிது எனினும், உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அவ்வெலும்பினூடே ஓடுவதால் விளைவு கடுமையாக அமையக்கூடும். இச்சிக்கலுக்கான சிகிச்சை, எலும்பின் உள்ளமைப்பைக் காணும் திறன் வளர்ந்த அளவிலேயே முதிர்ந்தது.

ஸ்வீடனின் பிரோனெமார்க், டைட்டானியம் எலும்போடு ஒன்றுவதை 1952 முதல் முயல்களில் ஆராய்ந்து, 1965-இல் முதல் நோயாளியின் கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட்களைப் பொருத்தினார். அக்காலச் சிகிச்சை பெரும்பாலும் தாடையின் முன்பகுதியை நாடியது. அங்கு எலும்பு செறிவானது, நரம்புக் கால்வாயும் பின்பகுதியிலேயே அமைந்தது. 1982-ஆம் ஆண்டு டொராண்டோ மாநாட்டுக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவிக் கடைவாய்ப் பகுதிக்கும் நீண்டபோது, எலும்பின் தரவேறுபாடு முதன்மையான கேள்வியாயிற்று. லெக்ஹோம், சார்ப் ஆகிய இருவரும் 1985-இல் எலும்பை நான்கு வகையாகப் பிரித்தனர். மெல்லிய புறவோட்டுக்குள் தளர்ந்த பஞ்செலும்பு நிறைந்த நான்காம் வகையே திருகுக்கு மிகக் குறைந்த பிடிப்புத் தருவது.

நழுவலுக்கு இரு வழிகள் உண்டு. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு முழுதும் நிரம்பாமல் மஜ்ஜைவெளி எஞ்சியிருந்தால், மேலோட்டைக் கடந்த திருகு அவ்வெளிக்குள் அமிழும். நாக்குப்புறச் சுவர் உட்குழிந்த இடத்தில் துளையிடும் கருவி சுவரைத் துளைத்தால், இம்ப்ளான்ட் வாயின் தரைப்பகுதிக்குச் செல்வதுடன், அங்குள்ள தமனி கிழிந்து பெருகும் இரத்தம் நாக்கை உயர்த்தி மூச்சுவழியை அடைக்கவும் கூடும். அந்நிலையில் மூச்சுவழியைக் காப்பதே முதற்கடமை.

ஓபிஜி எனும் தட்டையான எக்ஸ்ரே படம், நழுவிய திருகு நாக்குப்புறம் உள்ளதா கன்னப்புறம் உள்ளதா என்பதைக் காட்டாது. 1990-களின் பிற்பகுதியில் வந்த கோன் பீம் சிடி முப்பரிமாண இருப்பிடத்தைக் காட்டியதும், இடுக்கியை நுழைத்துத் துழாவும் வழக்கத்திற்கு மாறாக நிதானமான நெறி உருவாயிற்று. துழாவுவது திருகை மேலும் ஆழத்தில் தள்ளும் என்பதால், முதலில் கையை நிறுத்திப் படமெடுத்து, பின் கன்னப்புற எலும்பில் சன்னல்போல் திறந்து, நரம்பைக் காத்துத் திருகை எடுத்து, வெட்டிய எலும்புத் தகட்டை மீண்டும் பொருத்துவதே அந்நெறி. மென்திசுவைக் காத்தபடி எலும்பை வெட்டும் அதிர்வுக் கருவி இதற்கு உதவியது. இம்ப்ளான்ட் நரம்பை அழுத்தி உதடு மரத்துப்போனால் 36 மணி நேரத்துக்குள் அதை அகற்றுவது மீட்சிக்கு நல்லது என 2009-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு சுட்டியது.

சென்னையில் நொச்சிக்குப்பம் போன்ற மெரினாக் கரைக் குப்பங்களில் நாள்வருவாயை நம்பி வாழ்வோருக்கு, நழுவிய திருகை எடுக்கும் இரண்டாம் அறுவைக்கான செலவும் வேலையிழப்பும் பெருஞ்சுமையாகும். எனவே பதிப்பதற்கு முன்பே எலும்பின் அடர்த்தியையும் உட்குழிவையும் முப்பரிமாணப் படத்தால் அறிவதும், பிடிப்பில்லாத இடத்தில் திருகைக் கட்டாயப்படுத்தாமல் விடுவதும், கூடுதல் வசதியாகக் கருதப்படாமல் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய அடிப்படைப் பாதுகாப்பாகக் கொள்ளப்பட வேண்டும்.