குளியலறைச் சுவரில் ஓடு பதிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்ட வீடானாலும் தாமான் வீடானாலும், குளியலறையைப் புதுப்பிக்கும்போது பலரும் ஓட்டின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஓடு நிலைத்து நிற்பதோ அதன் பின்னால் உள்ள சுவரைப் பொறுத்தது.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கும். அதை உடைத்தெடுக்க வேண்டும். பெயிண்ட், சோப்புப் படிவு, பாசி ஆகியவற்றையும் சுரண்டிக் கழுவ வேண்டும்.

ஷவர் குழாய்களைச் சுவருக்குள் மூடும் முன், அழுத்தத்துடன் தண்ணீர் விட்டுக் கசிவு உள்ளதா எனப் பாருங்கள். வாட்டர் ஹீட்டருக்கான மின் இணைப்பை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரே செய்ய வேண்டும். அதற்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் அவசியம்.

அடுத்து, 2 மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிமெண்டுப் பூச்சால் சமப்படுத்துங்கள். ஓட்டுப் பசையால் பள்ளத்தை நிரப்பக் கூடாது. ஜிப்சம் பூச்சு ஈரத்தில் இளகும். தூக்குக் குண்டால் செங்குத்தைச் சரிபார்த்து, பூச்சு காய 2 வாரம் விடுங்கள்.

பிறகு நீர்க்காப்புப் பூச்சு. ஷவர் பக்கச் சுவரில் குறைந்தது 1.8 மீட்டர் உயரத்திற்கு, மூலைகளில் வலைத்துணி வைத்து, இரண்டு முறை பூச வேண்டும். தரையிலும் பூசி, காய்ந்தபின் வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் அப்போதே பூச்சைத் திருத்திவிடலாம். ஓடு பதித்தபின் என்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும். குத்தகையாளர் அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.