பரு போக மாத்திரை சாப்பிடுறீங்களா? கண்ணையும் கொஞ்சம் கவனிங்க!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரா நீங்கள்? முகப்பருவுக்கு ஸ்கின் டாக்டர் எழுதிக்கொடுத்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உதடு வெடிக்கும், தோல் வறளும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணைப் பற்றி யாராவது சொன்னார்களா? செகண்ட் ஷிஃப்ட் முடித்து, ராத்திரியில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பருவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

ஐசோட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத, தழும்பு விழவைக்கும் பருக்களுக்குக் கொடுக்கப்படுகிறது. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைச் சுருக்குவதுதான் இதன் முக்கிய வேலை.

அதே இனத்துச் சுரப்பிகள் நம் இமை ஓரத்திலும் வரிசையாக இருக்கின்றன. மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது இவை சுரக்கும் எண்ணெய்தான். மாத்திரைக்கு முகம், இமை என்ற வித்தியாசம் தெரியாதே! அங்கேயும் எண்ணெய் குறைகிறது, கண் காய்கிறது.

என்னென்ன தெரியும்?

* எரிச்சல், சிவப்பு, மண் விழுந்த மாதிரி உறுத்தல். நாள் முழுக்க ஏசி-யில் உட்கார்ந்து ஸ்க்ரீன் பார்த்தால் இன்னும் அதிகமாகும்.
* காண்டாக்ட் லென்ஸ் போட முடியாமல் போவது.
* இமை ஓரம் வீங்குவது, வெளிச்சத்தில் கண் கூசுவது.
* இருட்டில் பார்வை குறைவது. இது சிலருக்குத்தான் வரும், ஆனால் திடீரென்று வரலாம். மங்கலான வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு வைட்டமின் ஏ தேவை. அந்த வேலையில் இந்த மருந்து குறுக்கிடுகிறது.

‘அப்போ வைட்டமின் ஏ மாத்திரை போட்டால் சரியாகிடுமே’ என்று நினைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் பக்கவிளைவுதான் கூடும்.

என்ன செய்யலாம்?

* கண் காய்ந்தால், ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சிவப்பு போகட்டும் என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள்.
* மாத்திரை முடியும் வரை லென்ஸுக்குப் பதில் கண்ணாடி போடுங்கள்.
* சாலைப் பள்ளம் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறதா? எதிர் வண்டியின் ஹெட்லைட் கடந்த பிறகும் கண் தெளிய நேரமாகிறதா? இரவில் பைக் வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போங்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் அல்லது இரண்டாகத் தெரிவது சேர்ந்து வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படும். பருவுக்கே கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் மாத்திரைகளாலும் இது வரலாம். அதனால் இவற்றை ஐசோட்ரெட்டினாயினோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. வேறு டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும், பரு மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.

ரூம்மேட் மாத்திரை வேண்டாம்

ஹாஸ்டலில் ஒருவருக்குப் பரு போனதைப் பார்த்து, அதே அட்டையைக் கடையில் காட்டி வாங்காதீர்கள். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு இந்த மருந்து கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும். சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. டாக்டர் சீட்டு கட்டாயம் என்பது இதனால்தான்.

பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை விட்டுவிடவும் வேண்டாம். டோஸைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். பெரும்பாலானவர்களுக்கு மருந்தை நிறுத்தியதும் கண் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு மட்டும் தொந்தரவு நீடிக்கலாம். ஆரம்பத்திலேயே சொல்வது நல்லது. தனியார் செலவு கட்டுப்படியாகாது என்றால், 1819-லிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. வார லீவில் ஒருநாள் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.