கணக்கும் அமானிதமே

ஒரு சங்கம் ஐம்பது ஆண்டு நிலைப்பதற்குக் காரணம் பணமா, ஆள்பலமா? நம் முன்னோர் எழுப்பிய இரண்டு பள்ளிவாசல்களின் வரலாறு வேறொரு விடை சொல்கிறது.

பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. காதர் முகைதீன் மரைக்காயர் முன்னின்று கட்டியது. நிலம் கிழக்கிந்தியக் கம்பெனி தந்தது. வக்ஃபு சொத்துக்கும் குறைவில்லை. ஆனால், பிற்காலத்தில் வாடகை வரவுக்கு ஒழுங்கான கணக்கு இல்லாமல் தகராறுகள் மூண்டன. கடைசியில் 1905-இல் ஆங்கில அரசு முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. நிர்வாகம் அரசு அமைத்த வாரியத்தின் கைக்குப் போனது.

அதே காலத்தில், பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர் டன்லப் தெருவில் வேறு விதமாக நடந்தது. தென்னிந்திய வணிகர்களும் பாவியான் குதிரைக்காரர்களும் தொழுதுவந்த பழைய மரப் பள்ளிவாசல் அங்கே இருந்தது. அதன் அறங்காவலர் ஷேக் அப்துல் கபூர், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பள்ளிவாசல் நிலத்தில் முதலில் கடைவீடுகள் எழுந்தன. அந்த வாடகை வருமானத்தைக் கொண்டு 1907-இல் புதுப் பள்ளிவாசல் வேலை தொடங்கியது. 1927-இல் நிறைவேறியது. அப்துல் கபூர் பள்ளிவாசல் என்று அவர் பெயரிலேயே அது இன்றும் நிற்கிறது. 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

எது முன், எது பின், பணம் எங்கிருந்து, பொறுப்பு யாருக்கு? பாலிடெக்னிக்கில் நாங்கள் திட்ட மேலாண்மை என்று படித்தது இதைத்தான். படித்தும் கோட்டை விட்டிருக்கிறோம். ஒரு ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு மூன்று பேர் அரிசி வாங்கி வந்தோம். கேஸ் சொல்லி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாளே யாருக்கு என்ன வேலை என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதன் பிறகு ஒருநாளும் கஞ்சி தாமதமானதில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் நம் பிள்ளைகள் பலர் இன்று கணக்காளர்கள், கட்டுமான மேற்பார்வையாளர்கள், பாசிர் கூடாங் துறைமுகத்தில் பொறியாளர்கள். நன்கொடையோடு தங்கள் தொழில் திறமையையும் அவர்கள் நிர்வாகக் குழுவுக்குத் தர வேண்டும். அதே சமயம், அலுவலக அதிகாரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். எந்த வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும். அது எந்த அட்டவணையிலும் இருக்காது.

பதவி மாறும்போது சாவியோடு கணக்குப் புத்தகமும் கைமாறட்டும். இன்ஷா அல்லாஹ், நூற்றாண்டு மலர் எழுதுபவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் அமானிதம் அதுவே.