துண்டும் பற்றுச்சீட்டும்: இலங்கைத் தோட்டங்களில் வேலை மாறிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்தின் கோப்பித் தோட்டங்களிலும், பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளிக்குத் தன் முதலாளியை நேரில் கண்டு கூலி பேசும் வாய்ப்பு ஒருபோதும் கிடைத்ததில்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய வறண்ட பகுதிகளிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்த கங்காணியே அவர்களுக்காகப் பேசினார். ‘துரை’ என்று அழைக்கப்பட்ட தோட்ட நிர்வாகிக்குத் தெரிந்தது கங்காணியின் பெயரும் அவருக்குக் கீழிருந்த ஆட்களின் எண்ணிக்கையும் மட்டுமே. ஆள் திரட்டுவதற்காகத் துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்தார். ஊரில் இருந்த பழைய கடனை அடைத்தது, வழிச்செலவு, சாப்பாடு என்று அந்தப் பணத்திலிருந்து செலவானதாகக் காட்டப்பட்டவை எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஆகவே முதல் நாள் கொழுந்து கிள்ளுவதற்கு முன்பே அவர் கடனாளியாகிவிட்டார்.

சட்டத்தின் பார்வையில் இவர்கள் சுதந்திரத் தொழிலாளர்கள். பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் சென்றவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தது போன்ற ஏற்பாடு இலங்கையில் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி தோட்ட வேலை வாய்மொழியான மாத ஒப்பந்தமாகவே கருதப்பட்டது, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து யாரும் விலகலாம். முன்னறிவிப்பின்றிப் போனால் சிறை என்பது அதே சட்டத்தின் மறுபக்கம். இலங்கைத் தோட்ட முறை கூலி ஒப்பந்த முறையைவிட மேலானது என்று தோட்ட உரிமையாளர்கள் நெடுங்காலம் பெருமை பேசியதற்கு இந்த மாத ஒப்பந்தமே ஆதாரமாகக் காட்டப்பட்டது. அந்தப் பெருமையைப் பொய்யாக்கியது ஒரு சிறிய காகிதம்.

‘துண்டு’ என்று வழங்கப்பட்ட அந்தச் சீட்டில், இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அந்தத் தொகையைச் செலுத்துபவரிடம் அவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணி இதை எடுத்துக்கொண்டு துரை துரையாகச் சென்று காட்டுவார். ஆள் தேவைப்பட்ட துரை கடனைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் அழைத்துக்கொள்வார். கட்டிய தொகை புதிய தோட்டத்தின் கணக்கில் அதே ஆட்களின் பெயரில் மீண்டும் கடனாக ஏறும். இன்று வேலை தேடுபவர் தன் படிப்பையும் அனுபவத்தையும் எழுதிக் கொண்டுபோகிறார் என்றால், அன்று அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரே செய்தி அவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதுதான். தனியாக விலக நினைத்த தொழிலாளிக்கும் தன் பங்குக் கடன் தீராமல் வழி திறக்கவில்லை. மாத முன்னறிவிப்பு என்ற உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தது. கடன் தீராதவரை அதைப் பயன்படுத்த யாராலும் முடியவில்லை.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு அன்றாட வேலை முறையும் காரணம். விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களைத் திரட்டும் ‘பெரட்டு’க் களத்தில் யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடப்பட்டது. மாலையில் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஒரு நாள் கூலி விழுவதைப் ‘பேர் போடுதல்’ என்றும், வேலை குறைந்ததாகக் கூறிப் பாதிக் கூலி மட்டும் எழுதுவதை ‘அரைப் பேர்’ என்றும் சொன்னார்கள். தன் ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்காகவும் கங்காணிக்குத் தலைக்காசு எனப்பட்ட சில சதங்கள் நாள்தோறும் கிடைத்தன. நோயாளியையும் பிள்ளை பெற்றவளையும் பெரட்டுக்கு இழுத்துவரத் தூண்டியதும், எவரும் தன் கூட்டத்தைவிட்டுத் தனியே விலகாதபடி கங்காணியைக் காவல் காக்க வைத்ததும் இந்தச் சில சதங்களே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ப் பயிர் பரவியபோது ஆட்களுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. வேறொரு தோட்டத்தின் கூட்டத்தைத் தன் பக்கம் இழுப்பதற்காகத் துரைமார் துண்டுத் தொகையோடு மேலும் முன்பணம் சேர்த்துக் கொடுத்தனர். தோட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் கடன் ஏறியது, ஏறிய பணமோ பெரும்பாலும் கங்காணியின் கையோடு நின்றது. உழைப்புக்குத் தேவை கூடும்போது கூலி உயர வேண்டும் என்பது பொது விதி. இங்கே கூலிக்குப் பதிலாகக் கடன் உயர்ந்தது என்பதே துண்டு முறையின் மிகப் பெரிய அநீதி. செலவைக் கட்டுப்படுத்த 1904இல் தோட்ட உரிமையாளர்கள் திருச்சிராப்பள்ளியில் ஆள்திரட்டும் அலுவலகம் ஒன்றை அமைத்தனர். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லையை அணிந்து தொழிலாளர்கள் கடல் கடந்தனர். முதலாளியின் பணம் வழியில் தொலையாமல் இருக்க இவை உதவின. தொழிலாளியின் கடனை இவை தொடவில்லை.

துண்டுக்கும் சிறைத் தண்டனைக்கும் எதிராக இலங்கையில் குரல் எழுப்பியவர்களில் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். 1919இல் அவர் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றை நிறுவினார். இந்தியாவிலும் கூலி ஏற்றுமதிக்கு எதிர்ப்பு வலுத்துவந்த சூழலில், 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றிய பிறகு, ஆள் திரட்டும் செலவு தோட்ட உரிமையாளர்கள் செலுத்தும் பொது நிதியிலிருந்து ஈடு செய்யப்பட்டதால், வழிச்செலவு தொழிலாளியின் தலையில் கடனாக விழுவதும் நின்றது.

ஆயினும் விலகும் உரிமை முழுமையாகக் கைக்கு வரவில்லை. பழைய தோட்டத்திலிருந்து முறையாக விலகியதற்குச் சான்றான ‘பற்றுச்சீட்டு’ இல்லாதவரை மற்றத் தோட்டங்கள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. அதை எழுதித் தரும் பேனா துரையின் கையில் இருந்ததால், எதிர்த்துப் பேசியவருக்கு வெளியே வேலை கிடைப்பது அரிதாயிற்று. தோட்டம் தனியார் நிலம் என்பதால் வெளியார் உள்ளே வந்து தொழிலாளரைச் சந்திப்பதே அத்துமீறல் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் இத்தடையை மீறித் தோட்டங்களுக்குள் நுழைந்து, துண்டுப் பிரசுரங்களாலும் கூட்டங்களாலும் தொழிலாளரைத் திரட்டி, 1931இல் அட்டனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாடல்கள் பாடி அதே செய்தியை லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பெண்களிடம் கொண்டுசென்றார். கங்காணியைத் தவிர வேறொருவர் தமக்காகத் துரையிடம் பேச முடியும் என்பதைத் தொழிலாளர்கள் கண்டுகொண்டது இக்காலத்தில்தான். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்தபோது கங்காணியின் ஆள்திரட்டும் தொழில் முடிவுக்கு வந்தது. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் ஒரு தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகே, அதே ஆண்டில் தோட்ட உரிமையாளர் சங்கம் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.