புசா ரோடும் பூட்டிய ஷோரூம்களும்

தங்கமணி கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தால் வெளியே வரக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும். இது பல வருட அனுபவம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் பக்கத்து வண்டிச் சந்துகளைச் சுற்றி வருவேன். புசா ரோட்டை ஒட்டிய இந்தப் பகுதியில் பழைய கார், பைக், உதிரி பாகம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். போன ஞாயிறு ஒரு கடை வாசலில் நின்ற கார்களில் இரண்டு, இப்போது இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்ட கம்பெனிகளுடையவை. "இதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்குமா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "தில்லியில் கிடைக்காதது எது சாப்?" என்று சிரித்தார் கடைக்காரர்.

தில்லியில் கிடைக்கும், சரி. நம்ம ஊரில்?

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் தெற்கே ஒரு சின்ன ஊரில் கார் ஷோரூமில் சேல்ஸ் மேனேஜராக இருந்தான். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். ஒருநாள் காலையில் டிவி பார்த்துத்தான் கம்பெனி கடையைக் கட்டுகிறது என்று இவர்களுக்கே தெரிந்ததாம். பாங்க் கடனை அடைக்க முதலாளி ஊருக்கு வெளியே இருந்த நிலத்தை விற்றார். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கம்பெனிக்காரன் பிளைட் ஏறிப் போயிட்டான்டா. எங்க முதலாளி கோயிலுக்குப் போனாக்கூட வண்டி வாங்கினவன் நிறுத்தி, என் காருக்கு என்ன பதில்னு கேக்குறான்."

இது ஏதோ இந்தக் காலத்துக் கொடுமை என்று நினைத்தேன். கொஞ்சம் பழைய கதைகளைப் புரட்டினால், எழுபது வருடம் முன்பே இது நடந்திருக்கிறது. அதுவும் நம்ம மதுரைக்காரர்களுக்கு!

டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல், ரயில்வே, பாங்க் என்று பல வேலை பார்த்துவிட்டு, 1911-இல் சொந்தத் தொழிலுக்கு வந்தார். முதலில் பஸ் ஓட்டினார். பிறகு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி 1928-இல் பம்பாயில் தொழிற்சாலை போட்டிருந்தது. தொழிற்சாலை என்றால் இங்கே தயாரிப்பது இல்லை. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். ஃபோர்டும் அதே கதைதான்.

சுதந்திரம் வந்தது. வெறுமனே பூட்டி விற்பவர்கள் வேண்டாம், இங்கேயே தயாரிப்பவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் சொல்ல, அரசும் ஏற்றுக்கொண்டது. 1954-க்குள் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் கிளம்பிவிட்டன. முடிவெடுத்தது தில்லியும் டெட்ராய்ட்டும். கையில் விற்க அந்த வண்டி இல்லாமல் நின்றது மதுரை.

டி.வி.எஸ் எப்படித் தப்பித்தது? இங்கேதான் விஷயம். அவர்கள் வண்டியை மட்டும் விற்கவில்லை. பட்டறை வைத்திருந்தார்கள், உதிரி பாகம் விற்றார்கள், தேய்ந்த டயருக்கு ரீட்ரெடிங் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றபோது, கரி எரித்து வரும் வாயுவில் ஓடுகிற கருவியைச் செய்து பஸ்களில் மாட்டியவர்கள் அவர்கள். அதாவது ஓடுகிற வண்டி ஊரில் இருக்கும்வரை அவர்களுக்கு வேலை இருந்தது. 1954-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கி லாரிக்குக் கடன் கொடுத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று பாகங்கள் தயாரிக்கவே இறங்கிவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனியை வெளியே அனுப்பிய அதே கொள்கை, உள்ளூரில் பாகம் செய்பவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பெரியவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1955-இல் காலமாகிவிட்டார்.

அதற்கடுத்த முப்பது வருடம் கார் டீலருக்கு ராஜ வாழ்க்கை. அம்பாசடர், ஃபியட், நம்ம சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவ்வளவுதான் நாட்டில் கார். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டீலரைப் பார்த்து வாங்குகிறவர்தான் கும்பிடு போட்டார்.

1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். காட்சி மாறியது. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 எடுபடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் தயாரிப்பே நின்றது. பிரீமியர் பத்மினி 2000-ஐ ஒட்டி முடிந்தது. அம்பாசடர் 2014 மே வரை தாக்குப் பிடித்தது. இந்த வண்டிகளை நம்பிய டீலர்களில் சாமர்த்தியசாலிகள் வேறு போர்டு மாட்டினார்கள். மற்றவர்கள் ஷட்டரை இறக்கினார்கள்.

தாராளமயத்துக்குப் பிறகு போர்டுகள் பெருகின. 1995-இல் ஃபோர்டு மறுபடி வந்து மறைமலை நகரில் இடம் பிடித்தது. ஜெனரல் மோட்டார்ஸும் திரும்பி வந்தது. சின்ன ஊர்களில் கண்ணாடிச் சுவர், ஏசி, பளபள டைல்ஸ் என்று ஷோரூம் முளைத்தது. இவ்வளவு சதுர அடி இருக்க வேண்டும், தரை இந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது கம்பெனி. காசு போடுவது உள்ளூர் ஆள். அரிசி மில், ஜவுளிக்கடை, பஸ் முதலாளி என்று நமக்குத் தெரிந்த முகங்கள்தான்.

இங்கே கணக்கு எப்படி ஓடுகிறது என்று நண்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "இந்த மாதம் இத்தனை கார் விற்றோம்" என்று கம்பெனி அறிவிப்பது பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. நீங்களும் நானும் வாங்கியது இல்லை. வண்டி லாரியில் ஏறும்போதே பாங்க் கடனிலிருந்து கம்பெனிக்குப் பணம் போய்விடும். அதன்பின் வட்டி மீட்டர் டீலருக்கு. 21 நாள் ஸ்டாக் இருந்தால் போதும் என்பது டீலர் சங்கக் கூட்டமைப்பான ஃபாடாவின் வாதம். 2024 செப்டம்பரில் அது 80-85 நாள் வரை போனதாக அவர்களே சொன்னார்கள். சுமார் 7.9 லட்சம் வண்டிகள், 79,000 கோடி ரூபாய். ஷோரூமுக்குப் பின்னால் வெயிலில் தூசி படிந்து நிற்கும் கார்கள் ஒவ்வொன்றும் தினம் வட்டி தின்கின்றன.

இப்படி நூல் மேல் நடப்பவனுக்குக் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே போதும். 2019-இல் ஃபாடா கொடுத்த கணக்கில், 18 மாதத்தில் 271 ஊர்களில் 286 ஷோரூம்கள் மூடப்பட்டிருந்தன. 2020 இன்னும் மோசம். ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-4 வண்டிகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. காற்று மாசு அவ்வளவு. தில்லியில் மூச்சு விடுகிறவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. விற்க வண்டி இருக்கிறது, திறக்கக் கடை இல்லை!

நடுவில் கம்பெனிகளின் வெளிநடப்பு. 2017 முடிவோடு ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 9-இல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அப்போது அதற்கு 170 டீலர்கள், 391 விற்பனையகங்கள், அவர்களிடம் சுமார் 40,000 பேர் வேலையில் என்றது ஃபாடா. சர்வீஸ் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. ஆனால் புது வண்டி விற்காத இடத்தில் சர்வீஸ் மட்டும் எத்தனை நாள் சோறு போடும்? மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. ஏற்றுமதிக்கு மட்டும். ஆலைக்கு மறுஜென்மம் உண்டு. ஷோரூமுக்கு?

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அங்கே டீலரைக் கம்பெனி நேர்மையில்லாமல் நடத்தினால் வழக்குப் போட 1956-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. மாநிலச் சட்டங்கள் தனி. 2009-இல் திவாலான கிரைஸ்லர் 789 டீலர்களை ஒரே மூச்சில் வெட்டியபோது, அவர்கள் முறையிட்டு, நடுவரிடம் போக நாடாளுமன்றமே வழி செய்து கொடுத்தது. எல்லோரும் தப்பிக்கவில்லை. ஆனாலும் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. இங்கே அப்படித் தனிச்சட்டம் வேண்டும் என்று ஃபாடா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதுவது கம்பெனி, கையெழுத்துப் போடுவது மட்டும் டீலர் என்றால் பேரம் எங்கே இருக்கிறது?

வீட்டுக்குத் திரும்பும்போது இன்னொன்று தோன்றியது. புசா ரோட்டுக்குப் பெயர் தந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம், முதலில் பீகாரில் புசா என்ற ஊரில் இருந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் போக, 1936-இல் தில்லிக்கு வந்தது, பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு. பெரிய இடங்கள் பூகம்பம் வந்தால் ஊர் மாறிக்கொள்ளும். நாமும் அப்படித்தான், வேலை இருக்கிற ஊருக்கு மூட்டை கட்டியவர்கள். சின்ன ஊர் முதலாளிக்கு அது முடியாது. வண்டி வாங்கியவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

நண்பனின் முதலாளி இப்போது அதே கட்டடத்தில் எல்லா மாடல் காருக்கும் சர்வீஸ் பட்டறை நடத்துகிறார். பழைய மெக்கானிக்குகள் ஆறு பேர் கூடவே இருக்கிறார்கள். பழைய டி.வி.எஸ் கதையை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிழைப்பே சொல்லிக் கொடுத்திருக்கும்.

கொசுறு: வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு ஊரில் கார் வாங்கிக் கொடுப்பவர்கள் நம்மில் அதிகம். பத்தாயிரம் தள்ளுபடிக்காகச் சென்னையில் புக் செய்துவிட்டு, பிறகு சர்வீசுக்கு ஊர் டீலரிடம் போய் நிற்கிறோம். நானும் செய்திருக்கிறேன். அடுத்த முறை ஊரிலேயே வாங்குவதாக இருக்கிறேன். நீங்கள்?