48ம் உறுப்புரையும் மூன்று ஜனாதிபதிகளும்

ஜேர்மனியின் பெரும்பாலான நகரங்களில் ஒரு பிரீட்ரிஹ் ஏபேர்ட் வீதி இருக்கிறது. தியோடோர் ஹொய்ஸ் பெயரில் ஒரு வீதியோ சதுக்கமோ பாலமோ இருக்கிறது. சில ஊர்களில் ஹின்டென்பேர்க் வீதியும் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும்போதும் எம்மிற் பலர் இந்தப் பெயர்ப் பலகைகளைக் கடந்துதான் போகிறோம். இந்த மூவரும் ஜேர்மனியின் முதல் ஜனாதிபதிகள். முதல் இருவர் வைமார் குடியரசின் ஜனாதிபதிகள். மூன்றாமவர் 1949இல் பிறந்த சமஷ்டிக் குடியரசின் முதல் ஜனாதிபதி. இம்மூவரின் கதை ஒரு சட்டப் பிரிவின் கதையும்கூட. அந்தப் பிரிவை ஒருவர் குடியரசைக் காப்பதற்குப் பாவித்தார். அடுத்தவரின் கையொப்பத்தோடு அதே பிரிவு குடியரசைப் புதைத்தது. மூன்றாமவருக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்படவேயில்லை.

பிரீட்ரிஹ் ஏபேர்ட் ஹைடல்பேர்க்கில் ஒரு தையற்காரரின் மகனாக 1871இல் பிறந்தார். சேணம் தைக்கும் தொழிலைப் பழகித் தொழிற்சங்கத்தின் ஊடாகச் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமைக்கு வந்தவர். உலகப் போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். 1918 நவம்பர் 9இல் மன்னராட்சி விழுந்தபோது அரசாங்கம் அவர் கைக்கு வந்தது. 1919 பெப்ரவரி 11இல் வைமார் நகரில் கூடிய தேசிய சபை அவரை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், ஜனவரி 15இல், றோசா லுக்சம்பேர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டிருந்தனர். கிளர்ச்சியை அடக்க ஏபேர்ட்டின் அரசாங்கம் ஏவிவிட்ட படையினரே அவர்களைக் கொன்றார்கள். இடதுசாரிகள் இதை அவருக்கு ஒருபோதும் மன்னிக்கவில்லை. வலதுசாரிகளோ, ஒரு சேணத் தொழிலாளி கைசரின் இடத்தில் இருப்பதையே மன்னிக்கவில்லை.

1919 ஓகஸ்ட் 11இல் ஏபேர்ட் கையெழுத்திட்ட அரசியலமைப்பின் 48ம் உறுப்புரை, பொது ஒழுங்குக்கு ஆபத்து நேரும்போது இராணுவத்தை இறக்கவும் ஏழு அடிப்படை உரிமைகளை இடைநிறுத்தவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் அளித்தது. வீட்டின் பாதுகாப்பு, கடிதத்தின் இரகசியம், பேச்சு, கூட்டம், சங்கம் எல்லாம் அந்த ஏழுக்குள் அடங்கும். இதற்கு ஒரு கடிவாளமும் இருந்தது: பாராளுமன்றம் கேட்டால் ஆணையை மீளப் பெற வேண்டும். ஆனால் 25ம் உறுப்புரையின்படி பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் அதே ஜனாதிபதியிடம்தான் இருந்தது. கடிவாளத்தைப் பிடிக்க வேண்டியவனை வீட்டுக்கு அனுப்பும் உரிமை குதிரையிடமே இருந்தது என்று சொல்லலாம். அவசரகால அதிகாரத்தின் விபரங்களை ஒரு தனிச் சட்டம் வரையறுக்கும் என்றும் 48ம் உறுப்புரை கூறியது. அந்தச் சட்டம் கடைசிவரை இயற்றப்படவேயில்லை.

விவாதத்தின்போது ஒருவர் எச்சரித்தார். சுயேச்சைச் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒஸ்கார் கோன் அவர். இன்று ஏபேர்ட் இருக்கும் இடத்தில் நாளை பழைய அரச குடும்பத்தின் விசுவாசி ஒருவர், ஒரு ஜெனரல்கூட, வந்து இருந்தால் இந்த அதிகாரம் என்னவாகும் என்பது அவருடைய கேள்வி. சபையின் பெரும்பான்மை அதைப் பொருட்படுத்தவில்லை. நல்லவர் கையில்தானே இருக்கிறது என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

ஏபேர்ட் இந்த அதிகாரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் பாவித்தார். அவருக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1920 மார்ச்சில் காப் என்பவரின் தலைமையில் இராணுவப் பிரிவொன்று பேர்லினைப் பிடித்தது. பொது வேலைநிறுத்தமே அதைத் தோற்கடித்தது. 1922 யூனில் வெளிநாட்டமைச்சர் வால்டர் றாதெனோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1923இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர்ப் பிரதேசத்துள் நுழைந்தன. அந்த நவம்பரில் ஒரு டொலரின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க். அதே மாதம் மூனிச்சில் ஹிட்லர் தன் முதற் சதியை நடத்தினார். அன்றிரவே ஏபேர்ட் நிறைவேற்று அதிகாரத்தை ஜெனரல் செக்ட்டிடம் ஒப்படைத்தார். குடியரசு பிழைத்தது. 1924இன் முற்பகுதியில் அந்த அதிகாரம் திருப்பிப் பெறவும்பட்டது.

ஆயினும் 1923இல் நடந்த இரண்டு காரியங்கள் பின்னால் வரப்போகிறவர்களுக்கு வழி காட்டின. முதலாவது, வரிக்கும் நாணயத்துக்கும் பொருளாதாரத்துக்கும்கூட 48ம் உறுப்புரையின் கீழ் ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. கலகத்தை அடக்க எழுதப்பட்ட பிரிவு வரவுசெலவுக் கணக்குக்குள் வந்துவிட்டது. இரண்டாவது, சாக்சன் மாநிலத்தில் சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து அமைத்த சட்டபூர்வமான அரசாங்கம் அதே பிரிவின் கீழ் அகற்றப்பட்டது. அவ்வேளை மத்திய அரசுக்கு வெளிப்படையாகவே கீழ்ப்படிய மறுத்த பவேரியாவின் வலதுசாரி அரசாங்கத்துக்கு எதிராக இராணுவம் அசையவில்லை.

1924 டிசம்பரில் மக்டபேர்க் நீதிமன்றம் ஒன்று, 1918 ஜனவரி வேலைநிறுத்தத்தில் ஏபேர்ட் பங்குபற்றியது சட்டத்தின் பார்வையில் தேசத்துரோகம் என்றது. வழக்குகளின் அலைச்சலில் சிகிச்சையைத் தள்ளிப் போட்டவர், குடல்வால் அழற்சி முற்றி 1925 பெப்ரவரி 28இல் தனது 54வது வயதில் இறந்தார். ஜனாதிபதியை மக்களே தெரிவு செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. ஏபேர்ட் ஒருமுறையும் மக்கள் வாக்குக்குப் போகவில்லை. 1922இல் பாராளுமன்றமே அவருடைய காலத்தை நீடித்திருந்தது.

மக்கள் நேரடியாக வாக்களித்தபோது தெரிவானவர் கோன் எச்சரித்த அதே ஜெனரல்தான். 1925 ஏப்ரல் 26இல் பவுல் பொன் ஹின்டென்பேர்க் 1 கோடி 46 இலட்சம் வாக்குகள் பெற்றார். குடியரசுக் கட்சிகளின் வேட்பாளர் வில்ஹெல்ம் மார்க்ஸ் பெற்றது 1 கோடி 37 இலட்சம். கம்யூனிஸ்ட் வேட்பாளர் தேல்மனுக்கு 19 இலட்சம் போயிற்று. ஹின்டென்பேர்க்குக்கு அப்போது வயது 77. மனதால் மன்னரின் ஆள் என்றாலும், முதல் ஐந்து ஆண்டுகள் அவர் சட்டத்தை மீறவில்லை. அதுவே பலரை அயர வைத்தது.

1930 யூலையில் சான்சலர் புறூனிங்கின் நிதித் திட்டத்தைப் பாராளுமன்றம் நிராகரித்தது. ஜனாதிபதி அதை அவசரகால ஆணையாகப் பிறப்பித்தார். பாராளுமன்றம் ஆணையை இரத்துச் செய்தது. ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டு ஆணையைத் திரும்பவும் பிறப்பித்தார். எல்லாம் உறுப்புரைகளின்படியே நடந்தது. செப்டம்பர் தேர்தலில் நாஸிகளின் ஆசனங்கள் 12இலிருந்து 107 ஆகின. 1932இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் வெறும் 5. அவசரகால ஆணைகள் 60இற்கும் மேல். அந்த ஆண்டு ஏப்ரலில் ஹிட்லரைத் தடுப்பதற்காகச் சமூக ஜனநாயகவாதிகளே ஹின்டென்பேர்க்குக்கு வாக்களித்து அவரை வெல்ல வைத்தார்கள். மூன்று மாதங்களில், யூலை 20இல், சான்சலர் பாப்பன் 48ம் உறுப்புரையைக் காட்டி பிரஷ்யாவின் சமூக ஜனநாயக அரசாங்கத்தை அகற்றினார். சாக்சனில் அவர்களுடைய ஜனாதிபதி வெட்டிய பாதையில் எதிரி நடந்து வந்தான்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் சான்சலரானார். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் ஹின்டென்பேர்க் 48ம் உறுப்புரையின் கீழ் கையொப்பமிட்ட ஆணை ஏழு உரிமைகளையும் மறு அறிவித்தல் வரை நிறுத்தியது. அந்த மறு அறிவித்தல் வரவேயில்லை. நாஸி ஆட்சி முடியும்வரை, 12 ஆண்டுகள், அந்த ஆணை நடைமுறையில் இருந்தது. மார்ச் 23இல் அதிகாரமளிக்கும் சட்டம் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். வந்திருந்த 94 சமூக ஜனநாயகவாதிகள் மாத்திரமே எதிர்த்து வாக்களித்தார்கள். 1934 ஓகஸ்ட் 2இல் ஹின்டென்பேர்க் இறந்தபோது ஜனாதிபதிப் பதவியையும் ஹிட்லர் தன்னோடு சேர்த்துக் கொண்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் ஒஸ்கார் கோன் ஜெனீவாவில், அகதியாக, இறந்தார்.

மூன்றாமவர் தியோடோர் ஹொய்ஸ். 1933இல் அதிகாரமளிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த சிறிய தாராளவாதக் கட்சியின் ஐந்து உறுப்பினர்களில் அவரும் ஒருவர். கட்சிக்குள் எதிர்த்துப் பேசியவர், சபையில் கட்சியோடு கையுயர்த்தினார். அதே மனிதர் 1948-49இல் பொன் நகரில் கூடி அடிப்படைச் சட்டத்தை எழுதிய 65 பேரில் ஒருவராக இருந்தார். 1949 செப்டம்பர் 12இல் முதல் ஜனாதிபதியும் ஆனார். அவர்கள் எழுதிய சட்டத்தில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. அவசரகால ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பாராளுமன்றத்தைக் கலைக்கும் உரிமையும் ஒரு சில சந்தர்ப்பங்களுக்குச் சுருங்கியது. புதிய சான்சலரைத் தெரிவு செய்யாமல் பழையவரை வீழ்த்தவும் முடியாது. 1959இல் அடெனவர் ஜனாதிபதியாக ஆசைப்பட்டார். அந்தக் கதிரையில் எவ்வளவு குறைவான அதிகாரம் இருக்கிறது என்று கண்டு பின்வாங்கினார். 1968இல் பெரும் எதிர்ப்புக்கு நடுவே அவசரகாலச் சட்டங்கள் வந்தபோதும் அவை ஜனாதிபதியின் தனிக் கையொப்பத்தில் தங்கவில்லை.

இந்த ஆபத்தை முதலில் கண்டவர்கள் ஜேர்மனியர் அல்லர். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் 1798இல் அரசாங்கத்தை விமர்சிப்போரைச் சிறையிடும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அச்சட்டத்திலேயே 1801 மார்ச் 3 என்று முடிவுத் திகதி எழுதப்பட்டிருந்தது. அவருடைய பதவிக் காலத்தின் இறுதி நாட்களோடு சட்டமும் செத்தது. பின்வந்த ஜெபர்சன் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். ஆனால் அதே கோடையில் பிறந்த எதிரி நாட்டவர் சட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்காவில் வாழ்ந்த ஜேர்மனியர்களை அடைத்து வைக்க அது உதவியது. 2025இல் வெனிசுவேலா நாட்டவரை வெளியேற்றுவதற்கு மறுபடியும் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

இலங்கை இதே பாதையில் எதிர்த்திசையாக நடந்தது. 1972இல் முதல் ஜனாதிபதியான வில்லியம் கோபல்லாவ, ஹொய்ஸைப் போல், பெரும்பாலும் சம்பிரதாயத் தலைவர். 1978 பெப்ரவரி 4இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரத்தோடு அக்கதிரையில் அமர்ந்தார். மறு ஆண்டு யூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. 1979ம் ஆண்டின் 48ம் இலக்கச் சட்டம் அது. இலக்கம் ஒத்துப் போனது தற்செயல். உள்ளடக்கம் ஒத்துப் போனது தற்செயல் அல்ல. அச்சட்டம் வந்தபோது குற்றச்சாட்டு இல்லாமல் 18 மாதங்கள் தடுத்து வைக்க முடிந்தது. பொலிஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம் சாட்சியாகும். சட்டத்தின் பெயரிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்ற சொற்கள் இருந்தன. ஆயுள் 3 ஆண்டுகள். 1982இல் அந்த முடிவுத் திகதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பின் மூலம், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளும் மேலும் 6 ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டது.

எண்பதுகளில் இங்கு வந்து இறங்கிய எம்மவர் பலரின் அகதி விண்ணப்பங்களில் அந்தச் சட்டத்தின் பெயர் இருந்தது. அந்த விண்ணப்பங்களை ஏற்கச் சொன்ன 16ம் உறுப்புரையோ, கோனைப் போன்றவர்கள் நாடுநாடாகக் கதவு தட்டிய நினைவில் 1949இல் எழுதப்பட்டது. 1993இல் அதுவும் சுருக்கப்பட்டது.

இதை எதிரியின் சட்டங்களைப் பற்றிய பாடமாக மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தால் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம். எமது அரசியலிலும் இது போர்க்காலம், கேள்விகள் பிறகு என்று சொல்லப்பட்டது. சொன்னவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்பதல்ல. ஏபேர்ட்டும் கெட்ட எண்ணத்தோடு கையெழுத்திடவில்லை. ஒரு அதிகாரத்தைக் கொடுக்கும்போது அதை வாங்குகிறவரின் முகத்தை மட்டும் பார்ப்பது போதாது. அது எந்தத் திகதியில் முடியும், முடிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு, அப்படிச் சொல்கிறவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யார் கையில் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். 1919இல் வைமாரில் இதைக் கேட்டவர் சிறுபான்மையாக நின்றார். கேட்கிறவர் எப்போதும் சிறுபான்மையாகத்தான் நிற்பார். அவரைத் துரோகி என்று அழைக்காத சமூகத்துக்கு மாத்திரம் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சும்.